பி.எஸ்சி. வேதியியல் படித்தால் வேலை கிடைக்குமா?

அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூவில் வேதியியலில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள், பி.எஸ்சி. வேதியியல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். "டீச்சர் வேலையை விட்டால் அதில் என்ன இருக்கிறது? பேசாமல் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங்கில் சேர்த்துவிடுங்கள்" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். என்ன வேலை கிடைக்கும், சம்பளம் எப்படி, பெண் பிள்ளைக்குச் சரிப்பட்டு வருமா என்பவை அவருடைய கேள்விகள்.

ஐயா, மருந்துத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்துவருகிறேன். புதிதாக வேலைக்கு வரும் பட்டதாரிகளை நேர்காணல் செய்வதும் என் பொறுப்பு. ஆகவே உங்கள் கேள்விக்கு நான் கண்ணால் பார்ப்பதை வைத்தே பதில் சொல்ல முடியும்.

வேலை இருக்கிறது. ஆனால் மூன்றாண்டுப் பட்டத்தோடு நிறுத்திக்கொள்பவருக்கும் எம்.எஸ்சி. வரை போகிறவருக்கும் இடையில் பெரிய இடைவெளி உண்டு. பி.எஸ்சி. முடித்த கையோடு ஆலைக்குப் போகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் மாதம் 15,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய்க்குள்தான் சம்பளம் தொடங்குகிறது. எம்.எஸ்சி. முடித்து ஹைதராபாத், பெங்களூரு பக்கம் மருந்து ஆராய்ச்சிப் பிரிவுகளில் சேர்பவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கிறது. கணினித் துறையில் நல்ல இடத்தில் சேர்ந்த பிள்ளையோடு ஒப்பிட்டால் முதல் ஐந்தாண்டு உங்கள் மகள் பின்தங்கித்தான் இருப்பாள். இதை மறைத்துப் பேசிப் பயனில்லை. அதே நேரத்தில், ஏதோ ஒரு பொறியியல் கல்லூரியில் ஏதோ ஒரு பிரிவில் லட்சக்கணக்கில் பணம் கட்டிப் படித்துவிட்டு, அரியரோடு வெளியே வந்து, தொடர்பே இல்லாத வேலைக்குப் போகும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். விருப்பமில்லாத பிள்ளையை அங்கே தள்ளுவதைவிட, விருப்பமுள்ள பிள்ளையை எம்.எஸ்சி. வரை படிக்க வைப்பது எவ்வளவோ மேல். ஐந்தாண்டுப் படிப்பு என்று மனதில் கணக்குப் போட்டுக்கொண்டு சேருங்கள். மூன்றாண்டு என்று போட்டால் ஏமாற்றம் வரும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். மருந்துக் கடையில் மருந்தாளுநராக நிற்க டி.பார்ம். அல்லது பி.பார்ம். படித்துப் பதிவு செய்திருக்க வேண்டும். அது வேறு படிப்பு. கெமிக்கல் இன்ஜினீயரிங்கும் வேறு. ஆலையின் குழாய்கள், கொதிகலன்கள், வெப்பப் பரிமாற்றம் பற்றிய கணக்கு அங்கே அதிகம். ஒரு பொருள் எதனால் ஆனது, அது எவ்வளவு தூய்மையானது, அதை எப்படி உருவாக்குவது என்று கேட்பது வேதியியல். இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுகிற ஆள் தேவைப்படும் இடங்களிலெல்லாம் வேதியியல் பட்டதாரிக்கு நாற்காலி இருக்கிறது.

அப்படிப்பட்ட இடங்கள் எங்கே என்று தேட வெளிமாநிலம் போக வேண்டியதில்லை. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் பெட்ரோகெமிக்கல் ஆலைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. கடலூர் சிப்காட் முழுக்க ரசாயன ஆலைகள். மேட்டூரில் பி.வி.சி., தூத்துக்குடியில் உரம், அதற்குத் தெற்கே சாகுபுரத்தில் காஸ்டிக் சோடா. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோல், திருப்பூரிலும் ஈரோட்டிலும் சாயம், அரியலூரில் சிமென்ட், புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம், ஸ்ரீபெரும்புதூரில் பெயின்ட், திருவொற்றியூரில் டயர். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சிவகாசி. உள்ளே வரும் மூலப்பொருளையும் வெளியே போகும் சரக்கையும் சோதிக்க இவற்றில் ஆய்வகம் வேண்டும். சிமென்ட் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். சூளையிலிருந்து இறங்கும் கிளிங்கரில், அதாவது அரைத்தால் சிமென்டாகும் கட்டிகளில், வினைபுரியாமல் தங்கிவிட்ட சுண்ணாம்பு எவ்வளவு என்று ஷிப்டு கெமிஸ்ட் குறித்த இடைவெளியில் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அது அளவு மீறினால், அந்த சிமென்டில் கட்டிய சுவர் பிற்பாடு உள்ளுக்குள் விரிந்து வெடிக்கும். சூளையை இயக்குபவர் கெமிஸ்டின் எண்ணைப் பார்த்துத்தான் அடுத்த முடிவை எடுப்பார்.

நான் இருக்கும் மருந்துத் துறையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வேதியியல் பட்டதாரிகள் இங்கேதான் பெரும் எண்ணிக்கையில் வேலை பார்க்கிறார்கள். சென்னைக்கு அருகே ஆலத்தூரிலும் புதுச்சேரியிலும் ஓசூரிலும் மருந்து ஆலைகள் இருக்கின்றன. அதைவிடப் பெரிய சந்தை ஹைதராபாத். ஜீடிமெட்லா, பொல்லாரம், பாஷமைலாரம் என்று அந்த நகரைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில் தமிழ்ப் பிள்ளைகளை நிறையவே பார்க்கலாம்.

ஒரு மாத்திரைத் தொகுதி விற்பனைக்குப் போகும் முன் ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இருபது மாத்திரைகளை எடைபோட்டுப் பொடித்து, அதிலிருந்து மில்லிகிராம் கணக்கில் எடுத்துக் கரைக்கிறோம். இன்னொரு பக்கம், கரைசலில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவிக்குள் ஓட வேண்டிய கரைசலைத் தயாரித்து, அதன் பி.எச். மதிப்பைச் சரிசெய்து, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அதில் கரைந்திருக்கும் காற்றை வெளியேற்றுகிறோம். அடுத்து, தூய்மை எவ்வளவு என்று முன்பே தெரிந்த ஒப்பீட்டு மருந்தைக் கருவிக்குள் ஐந்தாறு முறை செலுத்துகிறோம். அந்த முடிவுகள் ஒன்றுக்கொன்று 2 சதவீதத்துக்குமேல் சிதறினால் கருவி சரியில்லை என்று பொருள். சோதிக்க வேண்டிய மாத்திரைக் கரைசலை அதற்குமேல் தொடக் கூடாது. எல்லாம் ஒத்துவந்த பிறகே மாத்திரையின் முறை. அட்டையில் போட்டிருக்கும் அளவில் 95 முதல் 105 சதவீதம் வரை மருந்து இருக்க வேண்டும் என்பது பல மாத்திரைகளுக்கு உள்ள விதி. 94.6 என்று வந்துவிட்டால்? மறுபடியும் ஒருமுறை செய்து நல்ல எண்ணை எழுதிக்கொள்ள முடியாது. எந்தக் கரைசலை எத்தனை மணிக்கு யார் செலுத்தினார் என்பதெல்லாம் அழிக்க முடியாதபடி கருவியின் கணினியில் பதிவாகிவிடும். தவறு எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடிக்க முறையான விசாரணை நடக்கும். அமெரிக்காவிலிருந்து தணிக்கைக்கு வரும் அதிகாரிகள் உட்கார்ந்ததும் கேட்பது இந்தப் பதிவுகளைத்தான்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பதுண்டு. அவர்களுக்கு டைஎத்திலீன் கிளைக்காலின் வரலாற்றைச் சொல்வேன். இருமல் மருந்தில் கரைப்பானாகச் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்காலைப் போலவே நிறமற்ற, இனிப்பான திரவம் அது. உடலுக்குள் போனால் சிறுநீரகத்தை அழித்துவிடும். 1937ல் அமெரிக்காவில் அதில் கரைத்து விற்ற சல்ஃபனிலமைடு மருந்தைக் குடித்து நூறு பேருக்குமேல் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அந்த நாட்டின் மருந்துச் சட்டத்தை மாற்றி எழுதினார்கள். 1972ல் சென்னையில் அதே நஞ்சு குழந்தைகளின் உயிரை வாங்கியது. 2022ல் காம்பியாவில் இந்திய இருமல் மருந்துகளைக் குடித்த குழந்தைகள் இறந்தார்கள். 2025ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் போய்விட்டார்கள். அவர்கள் குடித்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழக அரசின் ஆய்வகம் அந்த மருந்துத் தொகுதியைச் சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1 சதவீதம். ஒரு நல்ல ஆய்வகத்தில், கலவையை ஆவியாக்கிப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராபி கருவி வைத்து ஒரே நாளில் கண்டுபிடித்துவிடக்கூடிய நஞ்சு இது. உள்ளே வந்த பீப்பாயைத் திறந்து ஒருவர் ஒழுங்காகச் சோதித்திருந்தால் அந்தப் பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள். இதை எழுதும்போதே எனக்கு ஆத்திரமாக வருகிறது. வேதியியல் படித்தால் என்ன பெரிய வேலை என்று இனி எந்த உறவினராவது கேட்டால், பீப்பாயைத் திறந்து பார்க்கிற வேலை என்று சொல்லுங்கள்.

இந்த வேலைக்கு எப்படிப்பட்ட ஆளைத் தேடுகிறோம்? நேர்காணலில் நான் வழக்கமாகக் கேட்பது இது: "0.1 நார்மல் செறிவில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு லிட்டர் வேண்டும். எவ்வளவு எடை போடுவாய்?" 4 கிராம் என்று எல்லாரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். "சரி, 4 கிராம் போட்டுக் கரைத்தாயிற்று. இது 0.1 நார்மல்தான் என்று குப்பியில் எழுதி ஒட்டலாமா?" இந்த இடத்தில் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். சோடியம் ஹைட்ராக்சைடு எடைபோடும்போதே காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கார்பன் டைஆக்சைடையும் பிடித்துக்கொள்ளும். தராசு 4 கிராம் காட்டினாலும் அதில் 4 கிராம் சோடா இருக்காது. பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் போன்ற நம்பகமான பொருளை எடைபோட்டு, அதனோடு டைட்ரேஷன் செய்து, அதாவது சொட்டுச் சொட்டாகச் சேர்த்து வினைபுரிய வைத்து, அளந்து பார்த்த பிறகே உண்மையான செறிவு தெரியும். முதலாம் ஆண்டு செய்முறை வகுப்பிலேயே எல்லாரும் செய்த பயிற்சிதான். ஆனால் பக்கத்து மாணவனின் பியூரெட் அளவைப் பார்த்து எழுதி மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு அது நினைவில் இருப்பதில்லை. கையால் செய்து பழகிய பிள்ளை யோசிக்காமல் பதில் சொல்லும். 90 சதவீத மதிப்பெண்ணோடு வந்து இந்தக் கேள்வியில் தடுமாறியவர்களை அனுப்பிவிட்டு, 65 சதவீதம் வாங்கிய கிராமத்துக் கல்லூரிப் பெண்ணை வேலைக்கு எடுத்திருக்கிறேன்.

ஆகவே உங்கள் மகளிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: செய்முறை வகுப்பை ஒருபோதும் விடாதே. உப்புப் பகுப்பாய்வில் பதில் தெரிந்துகொண்டு பின்னாலிருந்து எழுதாதே. தெரியாத உப்பை வாங்கி, கரைத்து, ஒவ்வொரு தொகுதியாகத் தள்ளிக்கொண்டே வந்து நீயே கண்டுபிடி.

மருந்து ஆலையிலேயே உற்பத்திப் பிரிவும் இருக்கிறது. பெரிய ரியாக்டர்களில் வினைகளை நடத்தி மூலமருந்தை உருவாக்கும் இடம். அங்கே ஷிப்டு உண்டு, இரவுப் பணி உண்டு, கரைப்பான்களின் நெடி உண்டு, ஆபத்தும் உண்டு. 2025 ஜூன் 30 அன்று பாஷமைலாரம் ஆலை ஒன்றில் நடந்த வெடிவிபத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். உற்பத்தியில் சேர நினைப்பவர்கள் சம்பளத்தைக் கேட்கும் முன் பாதுகாப்பு ஏற்பாட்டைக் கேட்க வேண்டும்: கரைப்பான் மாற்றும் குழாய்களுக்குப் புவித்தொடுப்பு (எர்த்திங்) இருக்கிறதா, புதிதாகச் சேர்பவருக்கு எத்தனை நாள் பயிற்சி, அவசர வழி எது? நேர்காணலில் இதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைக்கிற நிறுவனத்தில் சேராமல் இருப்பதே நல்லது.

அடுத்து நீரும் சுற்றுச்சூழலும். இந்தத் துறை தமிழ்நாட்டில் வளர்ந்ததற்குக் காரணம் நீதிமன்றங்கள். வேலூர் மாவட்டத் தோல் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. நொய்யலைக் காப்பாற்ற 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகே அவை திறந்தன. அந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் தினமும் நீரை எடுத்து அதில் கரைந்துள்ள உப்பு எவ்வளவு, ஆக்சிஜன் தேவை எவ்வளவு என்று பார்த்து எழுதுகிறவர்கள் வேதியியல் பட்டதாரிகளே. கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குமேல் இருந்தால் அந்த நீரை வெளியே விடக் கூடாது. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து இன்னும் நிலத்தடி நீருக்குள் நஞ்சு இறங்கிக்கொண்டிருக்கிறது. தோல் பதனிடப் பயன்படும் மூன்று இணைதிறன் குரோமியத்துக்கும் புற்றுநோய் தரும் ஆறு இணைதிறன் குரோமியத்துக்கும் உள்ள வேறுபாடு பாடநூலில் ஒரு வரி. அந்த ஊரில் அது குடிநீர்ப் பிரச்சினை. இந்தத் துறையில் சம்பளம் மருந்துத் துறையைவிடக் குறைவு. ஆனாலும் உள்ளூரிலேயே வேலை பார்க்க விரும்புபவர்களுக்கு ஏற்றது.

அரசு வேலையைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். தடய அறிவியல் துறை இருக்கிறது. சென்னை மாகாணத்துக்கென்று 1849ல் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் ஆய்வகத்திலிருந்தே இந்தியாவின் தடய அறிவியல் தொடங்குகிறது. விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டவரின் வயிற்றில் என்ன இருந்தது என்று நீதிமன்றத்துக்குச் சொன்ன ஆய்வகம் அது. அத்துறையின் இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. ஆள் எடுக்கிறது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கு வேதியியலில் எம்.எஸ்சி. ஒரு தகுதி, பி.எஸ்சி. வேதியியல் மட்டும் போதாது என்பதைக் கவனியுங்கள். கல்பாக்கம் போன்ற அணுசக்தித் துறை நிலையங்கள் பி.எஸ்சி. பட்டதாரிகளை உதவித்தொகையோடு பயிற்சிக்கு எடுத்து, பிறகு பணியில் அமர்த்துகின்றன. இதைப் பற்றி நம் ஊர்க் கல்லூரிகளில் பல பிள்ளைகளுக்குத் தெரிவதே இல்லை. அரசு வேலைக்கான அறிவிப்பு எப்போது வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எனவே அதற்காக மட்டும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். ஒரு வேலையில் சேர்ந்துகொண்டே எழுதட்டும்.

ஆசிரியர் வேலையை உங்கள் உறவினர்கள் மட்டமாகப் பேசியது எனக்கு வருத்தம். பி.எஸ்சி.க்குப் பிறகு இரண்டாண்டு பி.எட்.; தகுதித் தேர்வு எழுதிப் பட்டதாரி ஆசிரியர்; எம்.எஸ்சி.யும் சேர்ந்தால் முதுநிலை ஆசிரியர். போட்டி கடுமை. சோதனைக் குழாயில் நைட்ரேட்டின் பழுப்பு வளையத்தை ஒருமுறை கண்முன்னே காட்டிய ஆசிரியர் ஒருவர் இருந்ததால்தான் நான் இந்தத் துறைக்கே வந்தேன்.

இனி ஆராய்ச்சி. எம்.எஸ்சி.க்கு நல்ல இடம் வேண்டுமானால் மூன்றாம் ஆண்டில் ஜாம் தேர்வு எழுத வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்க அதுதான் வழி. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுவைப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு க்யூட் முதுநிலைத் தேர்வு. உங்களுக்குப் பக்கத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் காந்திகிராமமும் இருக்கின்றன. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் தொழில்துறை வேதியியலுக்கென்றே ஒரு துறை உண்டு. எம்.எஸ்சி.க்குப் பிறகு, முனைவர் பட்ட ஆய்வுக்கு உதவித்தொகை பெற, சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு. வேதியியல் தாளின் 200 மதிப்பெண்ணில் பாதி, தலைக்கு 4 மதிப்பெண் பெறும் 25 கேள்விகளிலிருந்து வருகிறது. மனப்பாடம் அங்கே உதவாது. தேறி இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. 2023 முதல் உள்ள விகிதம் இது. அதாவது முனைவர் பட்டத்துக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. அவளுக்குப் பணம் வரும்.

காரைக்குடியைப் பற்றி ஒரு சொல். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் அந்த ஊருக்கு மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. 1948ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று திறந்தார்கள். துருப்பிடித்தலும் முலாம் பூசுதலுமாக இருந்த மின்வேதியியல் இன்று லித்தியம் பேட்டரியால் உலகமே திரும்பிப் பார்க்கும் துறை. 2019ன் வேதியியல் நோபல் பரிசு லித்தியம் அயனி பேட்டரிக்குத்தான் போனது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பேட்டரி செல் ஆலையே வந்துவிட்டது. உங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில் இப்படி ஒரு நிறுவனம் இருக்கும்போது, வேதியியலுக்கு எதிர்காலம் இல்லை என்று யாராவது சொன்னால் எப்படி ஏற்பது?

ஆனால் முனைவர் பட்டம் எல்லாருக்கும் உரியதன்று. ஐந்தாண்டு, சில சமயம் அதற்குமேலும் ஆகும். மாதக்கணக்கில் ஒரு வினை நடக்கவே நடக்காது. அப்போதும் மறுநாள் காலை ஆய்வகத்துக்குப் போகத் தோன்றுகிறவர்கள் மட்டும் போகட்டும். எம்.எஸ்சி. முடித்து ஓராண்டு வேலை பார்த்துவிட்டு முடிவெடுத்தாலும் கெட்டுப்போகாது.

வெளியே அதிகம் தெரியாத சில கிளைகளும் உண்டு. அறிவியல் பட்டதாரி யாரும் காப்புரிமை முகவர் தேர்வு எழுதலாம். மருந்துக் காப்புரிமைகளைப் படித்துப் புரிந்துகொள்ள வேதியியல் தெரிந்தவர்களே வேண்டும். கிண்டியிலுள்ள சிபெட் நிறுவனத்தில் பி.எஸ்சி.க்குப் பிறகு பிளாஸ்டிக் தொழில்நுட்பத்தில் முதுநிலைப் பட்டயம் படிக்கலாம். சர்க்கரை ஆலை வேலையில் நாட்டமிருந்தால் கான்பூர் தேசிய சர்க்கரை நிறுவனம் இருக்கிறது. கணினிதான் வேண்டும் என்று உறவினர்கள் இன்னும் வற்புறுத்தினால் ஒன்று சொல்லுங்கள்: 2024ன் வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி, புரதங்களின் வடிவத்தைச் செயற்கை நுண்ணறிவால் கணித்தவர்களுக்குப் போனது. வேதியியலோடு பைத்தான் நிரல்மொழியையும் கற்றுக்கொள்கிற பிள்ளைக்குப் புதிய மருந்துகளைக் கணினியில் வடிவமைக்கும் குழுக்களில் இடமிருக்கிறது. இதற்காகத் தனிப் பட்டம் தேவையில்லை, விடுமுறைகள் போதும்.

பெண் பிள்ளைக்குச் சரிப்படுமா என்று கேட்டீர்கள். தரக்கட்டுப்பாடு, பகுப்பாய்வு, ஆராய்ச்சிப் பிரிவுகளில் பெண்கள் நிறையவே இருக்கிறார்கள். என் ஆய்வகத்தில் பொறுப்பான பல இடங்களில் அவர்களே இருக்கிறார்கள். உற்பத்திப் பிரிவில் குறைவு. கருவுற்ற காலத்தில் சில கரைப்பான்களிலிருந்து விலகியிருக்க வேண்டும்; நல்ல நிறுவனங்கள் அப்போது ஆவணப் பணிக்கு மாற்றிவிடுகின்றன. உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. திருமணம் ஆனதும் கணவர் இருக்கும் ஊரில் ஆலை இல்லையென்றால் வேலையை விட்டுவிடுகிறார்கள். ஏழெட்டு ஆண்டு அனுபவமுள்ள, கருவியின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லக்கூடிய பெண்கள் அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மாற்று ஆள் கிடைப்பது எளிதன்று. இந்தப் பேச்சை வரன் பார்க்கும்போதே பேசிவிடுவது நல்லது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். அரசுக் கலைக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் பழைய கல்லூரிகளிலும் கட்டணம் குறைவு, அனுபவமுள்ள ஆசிரியர்கள் இருப்பார்கள். நேரில் போய் வேதியியல் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பியூரெட்டை எத்தனை மாணவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள்? நச்சுப் புகையை வெளியே இழுக்கும் புகைப்போக்கி அறை ஓடுகிறதா, அல்லது அதற்குள் பழைய நோட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்களா? போன ஆண்டு படித்தவர்களில் எத்தனை பேர் எம்.எஸ்சி.க்குப் போனார்கள், எங்கே போனார்கள்? துறைத்தலைவர் இதற்கு ஊர் பெயர்களோடு பதில் சொன்னால் அங்கே சேர்க்கலாம். துணைப்பாடத்தில் கணிதம் எடுக்க வாய்ப்பிருந்தால் எடுக்கட்டும். குவாண்டம் வேதியியல் வரும்போது கணிதம் தெரியாத பிள்ளைகள் மிகவும் திணறுகிறார்கள். ஐந்தாண்டும் ஒரே இடத்தில் படிக்க விரும்பினால் திருப்பதி, திருவனந்தபுரம் ஐசர்களும் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஐசருக்குத் தனி நுழைவுத் தேர்வு. அதற்கு விண்ணப்பிக்கும் தேதியைத் தவறவிடாதீர்கள்.

சேர்ந்த பிறகு முதலாம் ஆண்டிலேயே ஆசிரியர்களில் ஒருவருக்காவது அவளை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்துக்கு அவள் இரண்டாம் ஆண்டில் விண்ணப்பிக்கும்போது, பரிந்துரைக் கடிதம் எழுதப்போவது அவர்தான். தேர்வானால் இரண்டு மாதம் உதவித்தொகையோடு ஒரு பெரிய ஆய்வகத்தில் வேலை பார்க்கலாம். ஆராய்ச்சி தனக்கு ஒத்துவருமா, ஆலை ஒத்துவருமா என்பதை அந்த இரண்டு மாதத்தில் அவளே கண்டுகொள்வாள். விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்ற சந்தேகம் வந்தால் அப்போது கேளுங்கள், சொல்கிறேன்.